கூடப்பிறந்த பிள்ளைகளுக்கு வாரம் ஒரு மணி நேரம் தருவீர்களா?

தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் பக்கத்து உறவுகளே, உதவி வேண்டும். மூச்சுவிடத் தொண்டையில் துளையிட்டுப் பொருத்திய டிரக்கியாஸ்டமி குழாய், வயிற்றில் உணவு செலுத்தும் குழாயோடு வீட்டில் வளரும் குழந்தைகளின் அண்ணன், அக்கா, தம்பி, தங்கைகளுக்காகக் கேட்கிறோம்.

சளி உறிஞ்சும் மெஷின் ராத்திரியும் ஓடும். பக்கத்தில் படுக்கும் பிள்ளைக்குத் தூக்கம் கெட்டு, வகுப்பில் கண் சொருகும். பெற்றோரே, முடிந்தால் அந்தப் பிள்ளையின் படுக்கையை வேறு அறைக்கு மாற்றுங்கள். சின்னப் பிள்ளைகள், "நான் சண்டை போட்டதால்தான் இப்படி ஆச்சோ" என்று மனதுக்குள் புழுங்குவதுண்டு. "உன்னால் வந்ததில்லை" என்று நேராகவே சொல்லவேண்டும், ஒரு தடவை சொன்னால் போதாது. மெஷின் பொறுப்பை அவர்களிடம் விடாதீர்கள். கரண்ட் போனால் பெரியவர்களைக் கூப்பிடுவதும், 108-க்கு வீட்டு அடையாளம் சொல்வதும் போதும். எதையுமே கேட்காத சமத்துப் பிள்ளையைத்தான் நாங்கள் முதலில் கவனிப்போம்.

கூடப்பிறந்த பிள்ளையோடு அம்மா தனியாக வெளியே போய்வர, வீட்டில் குழாயோடு இருக்கும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். குழாயில் சளி எடுத்துப் பழகிய நர்ஸ் அக்காமார் மட்டும் இதற்கு வாருங்கள்: ஒரு தடவைக்கு 10 விநாடிக்குமேல் உறிஞ்சினால் ஆக்சிஜன் இறங்கிவிடும், பழக்கமில்லாதவர்களிடம் விடமுடியாது. மற்றவர்கள் சாயங்காலம் வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுக்கலாம். ஊரையும் வசதியான நேரத்தையும் கீழே எழுதுங்கள்.