மான்ஸ்டர் ஹண்டர் சீரிஸை எந்த வரிசையில் விளையாடுவது?

குறிஞ்சிக்காற்று:

ரொம்ப நாளாக மான்ஸ்டர் ஹண்டர் பக்கம் வர ஆசை, ஆனால் எதிலிருந்து தொடங்குவது என்றே பிடிபடவில்லை. 2004-இல் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்த முதல் கேமுக்குப் பிறகு 2, ட்ரை, 4 என்று எண் போகிறது, அப்புறம் 5 என்று ஒன்றையே காணோம். நடுவில் ஃப்ரீடம் யுனைட், ஜெனரேஷன்ஸ், அல்டிமேட் என்று வேறு பெயர்கள். கதை ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொடர்கிறதா? பழையது எதையும் தொடாமல் நேராக வைல்ட்ஸை எடுத்தால் ஏதாவது விட்டுப்போகுமா? என்னிடம் இருப்பது ஜிடிஎக்ஸ் 1650 போட்ட லேப்டாப், அண்ணனிடம் ஸ்விட்ச் இருக்கிறது, கேட்டால் கொடுப்பார். பெரும்பாலும் தனியாகத்தான் விளையாடுவேன், எப்போதாவது ஒரு நண்பன் சேர்ந்துகொள்வான். கஷ்டமான கேம் என்றால் பயமில்லை, பாதியில் அலுத்துப்போய் மூடி வைத்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

கல்வாள்:

கதைக்காக வரிசை தேட வேண்டாம் நண்பா. ஒவ்வொரு கேமிலும் புது ஊர், புது வேட்டைக்காரர், புதுப் பிரச்சினை. பழைய ஆட்களுக்கு மட்டும் தெரிகிற மாதிரி சின்னச் சின்னத் தொடர்புகள் உண்டு, உதாரணமாக வைல்ட்ஸில் ஆயுதம் செய்து தரும் ஜெம்மா, 4-ஆம் கேமில் கொல்லுப் பட்டறையில் இருந்த அதே சின்னப் பெண். அது தெரிந்தால் ஒரு சந்தோஷம், தெரியாவிட்டால் ஒன்றும் குறையாது.

நீங்கள் தேடுகிற 5 என்பது வேர்ல்ட்தான். 2018 ஜனவரியில் கன்சோலுக்கும் அதே ஆண்டு ஆகஸ்டில் பிசிக்கும் வந்தது, பெயரில் எண்ணை விட்டுவிட்டார்கள், அவ்வளவே. என் வரிசை இது: வேர்ல்ட், அதன் விரிவாக்கமான ஐஸ்போர்ன், பிறகு ரைஸ், அதன் விரிவாக்கமான சன்பிரேக், கடைசியில் வைல்ட்ஸ். காரணம் கதை இல்லை, கைப்பழக்கம். ஒவ்வொரு புது கேமும் முந்தையதில் இருந்த ஏதோ ஒரு சிரமத்தை எடுத்துவிடுகிறது. ரைஸில் நாய் மேல் ஏறிப் பறந்துவிட்டு, வைல்ட்ஸில் செய்க்ரெட் என்ற சவாரிப் பிராணி தானாகவே மான்ஸ்டரிடம் கொண்டுபோய் விடுவதை அனுபவித்துவிட்டு, அப்புறம் வேர்ல்டுக்கு வந்து காலடித் தடத்தைப் பொறுக்கிக்கொண்டு காட்டுக்குள் நடந்தால் பொறுமை போய்விடும். ஆனால் அந்த நடைதான் வேர்ல்டின் உயிர் என்று நான் நினைக்கிறேன். முதல் காட்டிலேயே ஒரு மிருகம் இன்னொன்றைத் துரத்துவதைப் புதருக்குள் உட்கார்ந்து பார்க்கலாம், அதை முதல் அனுபவமாகப் பெறுவது நல்லது.

வேர்ல்டில் உங்களுக்கு முதல் சுவர் அஞ்சனாத் என்ற நெருப்பு மான்ஸ்டர். வேட்டைக்குப் போய் அடித்து, அதன் தோலிலும் எலும்பிலும் ஆயுதம் செய்து, அதை வைத்து அடுத்ததை அடிப்பதுதான் இந்த சீரிஸின் சக்கரம், அது அஞ்சனாத்திடம்தான் முழுதாகப் புரியும். அதற்கு நீர் ஆகாது. முன்னாலேயே சேற்றில் வருகிற ஜ்யூரடோடஸை அடித்து நீர் ஆயுதம் ஒன்று செய்துகொள்ளுங்கள். சண்டையில் அஞ்சனாத்தின் மூக்குத் தோல் விரிந்து முதுகில் படல் மாதிரி ஒன்று எழும்பினால் கோபத்தில் இருக்கிறது என்று பொருள், தொண்டை சிவந்தால் நெருப்பு வரப்போகிறது, அப்போது முன்னால் நிற்காமல் பக்கவாட்டில் புகுந்து காலை அடியுங்கள், சாயும்.

ஒன்றே ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். தொடங்கியவுடன் பெட்டியில் டிஃபெண்டர் ஆயுதங்களும் கார்டியன் கவசமும் இலவசமாக இருக்கும். தொடாதீர்கள். சீக்கிரம் ஐஸ்போர்னுக்குப் போக வேண்டியவர்களுக்காக வைத்தது அது. அதைப் போட்டுக்கொண்டால் மான்ஸ்டர் என்ன செய்கிறது என்று பார்ப்பதற்குள் செத்துவிடும், எதையும் செய்து பார்க்கவும் தேவையிருக்காது, பிறகு ஐஸ்போர்னில் முதல் அடியிலேயே படுத்துவிடுவீர்கள். நீங்கள் பயப்படுகிற அலுப்பு அங்கேதான் தொடங்கும்.

மழைவண்டு:

கல்வாள் சொன்ன காரணம் சரி, ஆனால் இவருக்கு நான் ரைஸைத்தான் முதலில் சொல்வேன். தனியாக விளையாடுகிறார், லேப்டாப் நடுத்தரம், ஸ்விட்சும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. வேர்ல்ட் 1650-இல் ஓடும்தான், செட்டிங்ஸில் வால்யூம் ரெண்டரிங்கை அணைத்தால் நன்றாகவே ஓடும். ரைஸ் அந்த மெனக்கெடல் எதுவும் இல்லாமல் ஓடும், முதலில் ஸ்விட்சுக்கென்றே எழுதப்பட்டது.

இன்னொன்று, இவை ஒரே சங்கிலியின் அடுத்தடுத்த கண்ணிகள் இல்லை. இதைச் செய்யும் கேப்காம் நிறுவனத்துக்குள் இரண்டு மரபு ஓடுகிறது. ஒன்று முதல் கேம், ட்ரை, 4, வேர்ல்ட், வைல்ட்ஸ் என்று வருகிற பெரிய வரிசை. இன்னொன்று பிஎஸ்பி காலத்திலிருந்து இச்சினோசே யசுனோரி இயக்கிவருகிற கையடக்க வரிசை: ஃப்ரீடம் யுனைட், போர்ட்டபிள் தேர்ட், ஜெனரேஷன்ஸ், கடைசியாக ரைஸ். முதல் வரிசை உலகத்தை நம்ப வைக்கப் பார்க்கும், இரண்டாவது உங்கள் கை விளையாட இடம் கொடுக்கும். அதனால் வேர்ல்டுக்குப் பிறகு ரைஸ் போனால் சிலருக்கு ஏதோ இறங்கிவந்த மாதிரி இருக்கும், காடு சின்னதாகத் தெரியும். ரைஸை முதலில் முடித்துவிட்டு வேர்ல்டுக்குப் போனால் அந்த ஏமாற்றம் கிடையாது.

தனி ஆளுக்கு இன்னொரு வசதி, ரைஸில் கிராமத்துக் குவெஸ்ட்கள் (வேட்டைப் பணிகள்) தனியாக விளையாடவே இருக்கின்றன. சன்பிரேக் வந்த பிறகு கதாபாத்திரங்களையே துணைக்குக் கூட்டிப்போகலாம், அவர்கள் சும்மா நிற்பதில்லை, உருப்படியாக அடிக்கிறார்கள். வேர்ல்டில் நண்பனோடு கதைக் குவெஸ்ட் போனால் இருவரும் தனித்தனியாக காட்சியைப் பார்த்து முடித்த பிறகுதான் சேர முடியும், அது எரிச்சல். வாங்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள்: ஸ்விட்ச் சேமிப்பு பிசிக்கு வராது, எதில் விளையாடப் போகிறீர்கள் என்று முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

பழையகாடு:

பழைய கேம்களைப் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் வருகிறேன். அந்தப் பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். ஜப்பானில் ஒரு கேம் வரும், ஓரிரு வருடம் கழித்து அதே கேம் மேலும் மான்ஸ்டர்களோடும் மேலான கடினப் படியோடும் மறுபடி வரும், அதுதான் நமக்கு 'அல்டிமேட்' என்ற பெயரில் கிடைப்பது. உதாரணமாக 4 மேற்கு நாடுகளுக்கு வரவே இல்லை, அங்கே வந்தது 2015-இன் 4 அல்டிமேட், அதற்குள் 4 முழுதாக இருக்கிறது. ஆகவே அல்டிமேட் என்று போட்டிருந்தால் அது ஒன்றே போதும். ஐஸ்போர்னும் சன்பிரேக்கும் அப்படி இல்லை, அவை தனியாக ஓடாது, கீழே வேர்ல்டும் ரைஸும் இருக்க வேண்டும். கதையையும் முடித்திருக்க வேண்டும், ஐஸ்போர்னுக்கு வேர்ல்ட் கதையின் கடைசி மான்ஸ்டரான சேனோ'ஜீவாவைத் தாண்டியாக வேண்டும். விரிவாக்கத்தை முதல் நாளே வாங்கிவிட்டு ஏன் திறக்கவில்லை என்று கேட்பவர்கள் நிறைய.

பழையதில் ஒன்றே ஒன்று விளையாட வேண்டுமென்றால் அண்ணனின் ஸ்விட்சில் ஜெனரேஷன்ஸ் அல்டிமேட். 93 பெரிய மான்ஸ்டர்கள், ஆறு வேட்டை பாணிகள், முந்தைய தலைமுறைகளின் ஊர்களும் காடுகளும் ஒரே இடத்தில். ஆனால் இதை முதலாவதாக எடுக்காதீர்கள். காடு எண் போட்ட கட்டங்களாகப் பிரிந்திருக்கும், ஒவ்வொரு எல்லையிலும் லோடிங். மருந்து குடித்தால் வேட்டைக்காரர் நின்ற இடத்திலேயே இரண்டு கையையும் தூக்கி முறுக்கிக் காட்டுவார், அதற்குள் டைக்ரெக்ஸ் பாய்ந்து வந்துவிடும். சாணைக்கல் தீர்ந்துபோகும், மான்ஸ்டர் எங்கே என்று தெரிய வண்ணக்குண்டு எறிய வேண்டும். எனக்கு இதெல்லாம் உயிர், எங்கே நின்று குடிப்பது என்று யோசிப்பதே ஒரு சண்டை. வேர்ல்டோ ரைஸோ பிடித்துப்போன பிறகு வந்தால் உங்களுக்கும் பிடிக்கும்.

3 அல்டிமேட், 4 அல்டிமேட் இரண்டும் நின்டெண்டோ 3டிஎஸ் காலத்தவை. அதன் கடை 2023 மார்ச்சில் மூடியது, ஆன்லைன் 2024 ஏப்ரலில் நின்றது. பழைய கேட்ரிட்ஜ் கையில் கிடைத்தால் தனியாக விளையாடலாம். ட்ரையில் தண்ணீருக்கடியில் லகியாக்ரஸோடு சண்டை போட்டவர்களுக்கு, 2025-இல் அதே மான்ஸ்டர் வைல்ட்ஸ் அப்டேட்டில் திரும்பி வந்தபோது இருந்த மகிழ்ச்சி தனி.

ஸ்டோரீஸ் என்று பெயர் உள்ளவற்றை இந்த வரிசையில் சேர்க்காதீர்கள். மான்ஸ்டர் மேல் சவாரி செய்து முறைவைத்து அடிக்கும் ஆர்பிஜி அது, நல்ல கேம்தான், எப்போது வேண்டுமானாலும் விளையாடலாம்.

குறிஞ்சிக்காற்று:

மூன்று பேருக்கும் நன்றி. நண்பனிடம் பிளேஸ்டேஷன் 5-இல் வைல்ட்ஸ் இருக்கிறது, நேராக அதற்கே வா என்கிறான். என் லேப்டாப்பில் அது ஓடுமா? அப்புறம், 14 ஆயுதத்தில் எதை எடுப்பது?

கல்வாள்:

ஓடாது நண்பா, வைல்ட்ஸ் குறைந்தபட்சமாகக் கேட்பதே ஜிடிஎக்ஸ் 1660. அதற்காக லேப்டாப் மாற்ற வேண்டாம், இப்போது கையில் இருப்பதில் ஓடுகிறவையே உங்களுக்கு மாதக்கணக்கில் போதும். தனியாக, லேப்டாப்பில் என்றால் மழைவண்டு சொன்னபடி ரைஸில் தொடங்கினாலும் எனக்கு மறுப்பில்லை. நண்பன் வேர்ல்ட் வாங்கத் தயார் என்றால் வேர்ல்ட். ஐஸ்போர்ன் அப்டேட்டிலிருந்து இரண்டு பேர் போனால் இரண்டு பேருக்கு ஏற்ற உயிரளவுதான் மான்ஸ்டருக்கு இருக்கும், முன்பு மாதிரி நாலு பேர் அளவு வராது.

ஆயுதத்துக்கு யார் பேச்சையும் கேட்காதீர்கள், என் பேச்சையும் சேர்த்து. பயிற்சிக் களத்தில் எல்லாவற்றையும் சுழற்றிப் பாருங்கள். சுலபம் என்று எல்லோரும் வாள்-கேடயத்தைத் தருவார்கள், ஆனால் பெருவாளின் மெதுவான அடி சிலருக்கு முதல் நாளே ஒட்டிக்கொள்ளும். மான்ஸ்டர் தூங்கும்போது அதன் தலைக்குப் பக்கத்தில் நின்று மூன்றாம் நிலை வரை ஓங்கி, சரியான நொடியில் விட்டால், எழுப்பும் அந்த முதல் அடிக்கு இரட்டிப்பு சேதம். அந்த எண் திரையில் வரும்போது பிடித்திருந்தால் அதுதான் உங்கள் ஆயுதம்.

மழைவண்டு:

ரைஸிலும் டிஃபெண்டர் ஆயுதம், பிளாக் பெல்ட் கவசம் என்று அதே மாதிரி பெட்டியில் இருக்கும், அங்கேயும் தொடாதீர்கள். எந்த ஆயுதம் எடுத்தாலும், அடிபட்டு விழும்போதே கம்பிப்பூச்சியால் (கயிறு மாதிரி உங்களை இழுத்துப்போகும் பூச்சி) எழுந்து விலகுவதை முதல் வாரத்திலேயே பழகிவிடுங்கள். பழகியபின் சில சமயம் எழாமல் படுத்திருப்பதே பாதுகாப்பு, உடனே எழுந்தால் அடுத்த அடிக்குள் போய் நிற்பீர்கள், அதை மக்னமாலோ என்ற மான்ஸ்டர் உங்களுக்குச் சொல்லித் தரும்.