அம்மாவுக்குப் பல் போய்விட்டது, கடலை ஆசை போகவில்லை: என்ன செய்யலாம்?

அகல் (கேள்வி)

வணக்கம். வேர்க்கடலையைப் பற்றி ஒரு கேள்வி, கூடவே கொஞ்சம் பழைய கதை.

அம்மாவுக்கு 78 வயது. போன மாதம் மிச்சமிருந்த நான்கு பற்களையும் எடுத்தாகிவிட்டது. ஈறு ஆறி, பல் செட் வைக்க இன்னும் சில மாதங்கள் ஆகும். கொடுப்பதைக் குறை சொல்லாமல் சாப்பிடுகிறார். ஆனால் நேற்று சாயங்காலம் நான் வறுத்த கடலையைக் கொறித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒரே ஒரு பருப்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்கும் உருட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் அதை எடுத்துத் தட்டோரம் வைத்துவிட்டு, "வாசனையாவது கிடைச்சுதுடா" என்றார். அதற்குமேல் எனக்குக் கடலை இறங்கவில்லை.

சின்ன வயதில் எங்கள் மூன்று பேரையும் சுற்றி உட்காரவைத்து வேகவைத்த கடலை உரித்துக் கொடுத்தவர் அவர். ஓட்டின் மூக்கில் கட்டைவிரலை வைத்து ஓர் அழுத்து. உள்ளேயிருக்கும் உப்புத்தண்ணீர் தெறிக்கும், ஓடு இரண்டாகத் திறக்கும். பருப்பு இரண்டு, பிள்ளைகள் மூன்று பேர். அதனால் இப்போது யார் முறை என்று விரல்விட்டு எண்ணுவோம். மூன்று பருப்புக் காய் வந்துவிட்டால் ஒரே கூச்சல்தான். பருப்பைப் பிளந்தால் முனையில் ஒட்டிக்கொண்டிருக்கும் முளையைத் 'தாடித் தாத்தா' என்போம். தாத்தாவைத் தின்னலாமா கூடாதா என்று எனக்கும் தங்கைக்கும் தினமும் வழக்கு நடக்கும். அம்மா, திரண்ட பருப்பையெல்லாம் எங்களுக்குக் கொடுத்துவிட்டு, சூம்பிப்போன சின்னப் பருப்பை மட்டும் தன் வாயில் போட்டுக்கொள்வார். "எனக்கு இதுதான் இனிக்கும்" என்பார். எனக்குப் பிள்ளை பிறந்த பிறகுதான் அது பொய் என்று புரிந்தது.

சரி, கேள்விக்கு வருகிறேன். பல் இல்லாதவர் கடலையின் ருசியை இழக்காமல் சாப்பிட என்ன வழி? வெறும் பொடி வேண்டாம். கொடுத்துப் பார்த்தேன், புரையேறிவிட்டது. உங்களுக்குப் பிடித்த முறை எது, அது யாரை ஞாபகப்படுத்துகிறது என்றும் எழுதுங்கள். அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவேன்.

உப்புக்கல்

வேகவைத்ததுதான், சந்தேகமே வேண்டாம். ஆனால் நிறையப் பேர் பாதி வேக்காட்டில் இறக்கிவிடுகிறார்கள். பச்சைக் காய் கிடைத்தால் மண் போக நாலு தண்ணீரில் கழுவி, ஓட்டோடு மூழ்கத் தண்ணீர் விட்டு, தண்ணீர் நன்றாகக் கரிக்கும் அளவுக்கு உப்புப் போட்டு, ஒரு மணி நேரமாவது கொதிக்க விடுங்கள். காய்ந்த கடலையென்றால் முதல் நாள் இரவே ஊறவைக்க வேண்டும். திறந்த பாத்திரத்தில் மூன்று நான்கு மணி நேரம்கூட ஆகும், குக்கரில் சீக்கிரம் முடியும். காய் மிதக்கும், ஒரு தட்டை மேலே வைத்து அமுக்குங்கள். அடுப்பை அணைத்ததும் வடித்துவிடாதீர்கள். அந்தத் தண்ணீரிலேயே கிடந்து ஆறட்டும், அப்போதுதான் உப்பு உள்ளே நன்றாக இறங்கும். பருப்பை நாக்கால் மேலண்ணத்தில் வைத்து அழுத்தினால் நசுங்க வேண்டும். உங்கள் அம்மாவுக்கு அதுதான் பதம்.

எனக்கு இது என் பெரியப்பா ஞாபகம். அவருக்குக் கண் தெரியாது. ஓட்டின் இடுப்பைத் தடவியே உள்ளே எத்தனை பருப்பு என்று சொல்லிவிடுவார். தவறாகச் சொல்லி நான் பார்த்ததில்லை.

அம்மிக்குழவி

உப்புக்கல் சொன்னது சரி, ஆனால் அதில் வறுத்த வாசனை வராது. அகல், உங்கள் அம்மா தேடியது அந்த வாசனையை. வறுபடும்போது கடலையிலுள்ள சர்க்கரையும் புரதமும் சூட்டில் சேர்ந்துதான் அந்த மணம் பிறக்கிறது. தண்ணீரில் வேகும்போது அவ்வளவு சூடு ஏறாது.

ஆகவே வறுத்து, வெண்ணெய் மாதிரி அரையுங்கள். அடி கனமான சட்டி, சிறு தீ, கை ஓயாத கிளறல். நிறம் வருவதற்குச் சற்று முன்பே இறக்கிப் பரப்பிவிடுங்கள், உள்சூட்டில் இன்னும் கொஞ்சம் வறுபடும். ஆறியதும் தோலைக் கசக்கி ஊதிவிட்டு மிக்ஸியில் போடுங்கள். முதலில் பொடியாகும். அப்புறம் கட்டியாகத் திரண்டு ஓரத்தில் அப்பிக்கொள்ளும். இந்த இடத்தில்தான் பலர் பயந்துபோய்த் தண்ணீர் விட்டுக் கெடுத்துவிடுகிறார்கள். விடாதீர்கள்! கடலையின் எடையில் கிட்டத்தட்ட பாதி எண்ணெய்தானே. நிறுத்தி நிறுத்தி ஓட்டி, ஓரத்தை வழித்துவிட்டுக்கொண்டே இருங்கள். திடீரென்று இளகி, பளபளவென்று சுழல ஆரம்பிக்கும். அப்போது மூடியைத் திறந்தால் வரும் மணத்துக்காகவே நான் வாராவாரம் அரைக்கிறேன்.

நிலா பார்ப்பவள்

அந்த விழுதை அப்படியே கரண்டியில் ஊட்டிவிடாதீர்கள் அண்ணா, தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு நான் இதைக் கற்றுக்கொண்டேன். சாப்பிடும் நேரத்தில் கொஞ்சம் எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரைத் துளித்துளியாக விட்டுக் கலக்குங்கள். முதலில் இறுகும், இன்னும் விட்டால் கூழ் மாதிரி இளகும். பொடிக்குப் புரையேறியது என்கிறீர்களே, அதை மருத்துவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

என் ஞாபகம் கொஞ்சம் வேறு மாதிரி. நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வுக்கூடத்தில் முக்கியமான நேரங்களில் எல்லோரும் கடலை கொறிப்பார்கள். சந்திரனைப் படமெடுக்கும் ரேஞ்சர் திட்டத்தில் முதல் ஆறு கலங்களும் தோற்றுப்போன பிறகு, 1964இல் ஏழாவதை அனுப்பியபோது கட்டுப்பாட்டு அறையில் கடலை பரிமாறப்பட்டது, அந்தப் பயணம் வெற்றி பெற்றது. அன்றிலிருந்து வழக்கமாகிவிட்டது. 2021 பிப்ரவரியில் நாசாவின் பெர்சிவரன்ஸ் ஊர்தி செவ்வாயில் இறங்கியதை அப்பாவும் நானும் நேரலையில் பார்த்தோம். அவர் இடதுகையால் என் உள்ளங்கையில் ஒவ்வொன்றாகக் கடலை வைத்துக்கொண்டே இருந்தார். வலதுகை அப்போது அசையாது. கலம் தரை தொட்டபோது என் கையில் பதினேழு கடலை இருந்தது.

செம்மண்

நான் கடலை போடுகிறவன். அகல் தம்பி, அம்மா சொன்னது பொய் என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை. முற்றாத பருப்பில் சர்க்கரை கூடுதல், எண்ணெய் குறைவு. முற்ற முற்ற எண்ணெய் ஏறும், இனிப்பு குறையும். பச்சைக் காயை வேகவைத்தால் அந்தச் சின்னப் பருப்பு உண்மையாகவே இனிக்கும். பிள்ளைகளுக்குப் பெரியதைக் கொடுக்க நினைத்ததும் உண்மை, தனக்கு இனித்ததும் உண்மை.

ஒரே செடியில் முற்றியதும் முற்றாததும் சேர்ந்தே இருக்கும். மஞ்சள் பூ தரைக்கு மேலேதான் பூக்கும். கருவுற்றதும் அதன் அடியிலிருந்து ஒரு விழுது கிளம்பி, வளைந்து, மண்ணுக்குள் இறங்கும். அதன் நுனிதான் இருட்டில் காயாகத் திரளும். மண்ணைத் தொடாத விழுது காய்க்காது. முதலில் பூத்தது முதலில் முற்றும், கடைசியில் பூத்தது செடியைப் பிடுங்கும்போது பிஞ்சாகவே இருக்கும். முப்பது வருடமாகப் பார்க்கிறேன், விழுது இறங்கும் வாரத்தில் வயலுக்குள் கால் வைக்க இன்னும் மனசு வராது.

ஆனால் ஒன்று. சூம்பினது நல்லது என்று சொன்னது பச்சைக் காய்க்கு மட்டும். காய்ந்த கடலையில் சுருங்கினது, நிறம் மாறினது, பூஞ்சை பிடித்தது எல்லாவற்றையும் பொறுக்கி எறிந்துவிடுங்கள். அதில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு இருக்கலாம். வறுத்தாலும் வேகவைத்தாலும் அது முழுதாகப் போகாது. வாயில் கசந்தாலும் விழுங்காமல் துப்பிவிட வேண்டும்.

அகல்

எல்லோருக்கும் நன்றி. இரண்டையும் செய்தேன். வெண்ணெயை இளக்கிக் கொடுத்தேன், புரையேறவில்லை. கிண்ணத்தை மூக்கருகில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் மோந்துவிட்டுத்தான் சாப்பிட்டார். மருத்துவரிடமும் கேட்டுவிட்டேன், இந்தப் பதத்திலேயே கொடுக்கலாம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பச்சைக் காய் கிடைத்தது. நன்றாகக் குழைய ஒன்றரை மணி நேரம் ஆனது. ஆறும்வரை உங்கள் பதில்களை வாசித்துக் காட்டினேன். பெரியப்பாவின் கதையை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். செம்மண் அண்ணன் எழுதியதைக் கேட்டதும், "நான் அப்பவே சொன்னேனே, நீதான் நம்பலை" என்றார்.

அப்புறம் நான் உரித்தேன். முதல் சூம்பலை அவருக்குக் கொடுத்தேன். அடுத்ததை நானே வாயில் போட்டுப் பார்த்தேன். இனித்தது. மூன்றாவது வந்தபோது அம்மா விரல்விட்டு எண்ணி, "இப்ப என் முறை" என்று கையை நீட்டினார்.