512 ஜிபி எஸ்எஸ்டியில் லினக்ஸ்: /ஹோம் தனிப் பார்ட்டிஷனா, பிடிஆர்எஃப்எஸ் சப்வால்யூமா?

செம்புலம்:
512 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, 16 ஜிபி ரேம். விண்டோஸ் கிடையாது, முழு வட்டும் லினக்ஸுக்கே. க்னோம் டெஸ்க்டாப், எக்ஸ்டென்ஷன்கள், தீம்கள் எல்லாம் நிறைய இருக்கும். ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை டிஸ்ட்ரோ (உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் தொகுப்பு) மாறவும் கூடும். ஹைபர்னேட் (ரேமில் உள்ளதை வட்டில் எழுதிவிட்டு முழுதாக அணைவது) வேண்டும். இரண்டு திட்டங்கள் கையில் இருக்கின்றன. முதலாவது: 1 ஜிபி இஎஸ்பி (பூட் கோப்புகளுக்கான பார்ட்டிஷன்), 60 ஜிபி எக்ஸ்ட்4 ரூட் (சிஸ்டம் இருக்கும் இடம்), மிச்சம் முழுவதும் எக்ஸ்ட்4 /ஹோம் (பயனர் கோப்புகளும் அமைப்புகளும்). இரண்டாவது: 1 ஜிபி இஎஸ்பி, மிச்சம் முழுவதும் ஒரே பிடிஆர்எஃப்எஸ், அதற்குள் @ (ரூட்) என்றும் @ஹோம் என்றும் சப்வால்யூம்கள் (இடத்தைப் பகிர்ந்துகொள்ளும் உட்பிரிவுகள்). எக்ஸ்ட்4, பிடிஆர்எஃப்எஸ் இரண்டும் கோப்பு முறைமைகள் (ஃபைல்சிஸ்டம்). எது சரி? காரணத்தோடு சொல்லுங்கள்.

வேழம்:
முதல் திட்டம்தான். டிஸ்ட்ரோ மாற்றும்போது இன்ஸ்டாலரில் ரூட்டுக்கு மட்டும் ஃபார்மேட் டிக் போடுங்கள். /ஹோமுக்கு மவுன்ட் பாயின்ட் (அது இணையும் இடம்) மட்டும் கொடுத்து, ஃபார்மேட் டிக்கை எடுத்துவிடுங்கள். உலகில் உள்ள எந்த இன்ஸ்டாலருக்கும் இது புரியும். டிக் போடுமுன் லைவ் யுஎஸ்பியில் 'எல்எஸ்பிஎல்கே -எஃப்' ஓட்டி, எந்தப் பார்ட்டிஷன் எது என்பதை அளவையும் யூயூஐடியையும் (தனி அடையாள எண்) பார்த்து உறுதி செய்யுங்கள். தரவு போவது பெரும்பாலும் இந்த ஓர் இடத்தில் கண் தவறுவதால்தான்.

ஆனால் 60 ஜிபி ரூட் போதாது. ஃப்ளாட்பேக் (டிஸ்ட்ரோ சாராத செயலித் தொகுப்பு) ரன்டைம்கள் /வார்/லிப்/ஃப்ளாட்பேக்கில் போய் உட்காரும், டாக்கர் (கன்டெய்னர் கருவி) இமேஜ்களும் /வார்/லிப்புக்குள்தான். இரண்டும் ரூட்டைத்தான் தின்னும். 80 ஜிபி கொடுங்கள். இன்னொன்று: எக்ஸ்ட்4 தானாகவே 5 சதவீத இடத்தை ரூட் பயனருக்கென்று (நிர்வாகிக்கு) ஒதுக்கி வைக்கும். சுமார் 390 ஜிபி /ஹோமில் அது கிட்டத்தட்ட 20 ஜிபி. 'ட்யூன்2எஃப்எஸ் -எம் 1' கொடுத்தால் அதில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும். ரூட் பார்ட்டிஷனில் மட்டும் இதைக் குறைக்க வேண்டாம். வட்டு நிரம்பினாலும் லாக் எழுதவும் உள்ளே போய்ச் சரிசெய்யவும் அந்த இடம்தான் உதவும்.

எக்ஸ்ட்4 2008 முதல் கர்னலில் நிலையாக இருக்கிறது. மின்சாரம் போய் ஏதாவது கெட்டால் இ2எஃப்எஸ்சிகே என்ற பழுதுபார்க்கும் கருவி பெரும்பாலும் சரிசெய்துவிடும். பிடிஆர்எஃப்எஸ்ஸில் 'செக் --ரிப்பேர்' ஓட்டும் முன் அதன் மேனுவலே எச்சரிக்கிறது. இந்த வேறுபாடு எனக்குப் பெரியது.

தறி:
வேழம் சொன்ன 80 ஜிபிங்கற எண்ணே அந்தத் திட்டத்தோட பலவீனம்தான். 60ங்கறது 80 ஆச்சு, நாளைக்கு 120 வேணும்னா? எக்ஸ்ட்4ஐ ஓடும்போதே பெரிசாக்கலாம், சின்னதாக்க அன்மவுன்ட் பண்ணியே ஆகணும். ரூட்டுக்கு அடுத்து /ஹோம் இருக்கு. லைவ் யுஎஸ்பியில பூட் பண்ணி, /ஹோமைச் சுருக்கி, அதோட தொடக்கத்தையே வலப்பக்கம் நகர்த்தணும். நூத்துக்கணக்கான ஜிபி தரவு ஒவ்வொரு பிளாக்கா இடம் மாறும். நடுவுல கரன்ட் போனா /ஹோமே போச்சு. பிடிஆர்எஃப்எஸ்ல @க்கும் @ஹோமுக்கும் இடம் பொது, இந்தக் கணக்கே தேவையில்லை.

அப்புறம் ரோல்பேக், அதாவது பழைய நிலைக்குத் திரும்பறது. அப்டேட்டுக்கு முன்னாடி @ஐ ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையோட பிரதி) எடுக்க ஓரிரு நொடி. என்விடியா டிரைவர் புது கர்னலோட ஒட்டாம கருப்புத் திரை வந்தா, க்ரப் பூட் லோடருக்கான க்ரப்-பிடிஆர்எஃப்எஸ் போட்டிருந்தா பூட் மெனுவுலயே பழைய ஸ்னாப்ஷாட்டைத் தேர்ந்தெடுத்து உள்ள போயிடலாம். ஓப்பன்சூசே 2014ல 13.2 பதிப்புலயே ரூட்டுக்கு பிடிஆர்எஃப்எஸ்ஸைத்தான் இயல்பாக்கிச்சு. ஃபெடோரா வொர்க்ஸ்டேஷன் 2020ல 33வது பதிப்புல மாறிச்சு. இன்னும் இதைச் சோதனை முயற்சின்னு சொல்றது நியாயமில்லை.

நெய்தல்:
தறி சொல்லும் ரோல்பேக் எல்லா டிஸ்ட்ரோவிலும் கிடைப்பதில்லை. மூன்று இடத்தில் தடுக்கும்.

பெயர். டைம்ஷிஃப்ட் என்ற ஸ்னாப்ஷாட் கருவியின் பிடிஆர்எஃப்எஸ் முறை @, @ஹோம் என்ற பெயர்களையே எதிர்பார்க்கிறது. ஃபெடோரா வைப்பது ரூட், ஹோம் என்ற பெயர்கள். பெயரை மாற்றாமல் டைம்ஷிஃப்ட் அங்கே வேலை செய்யாது. மாற்றினால் எஃப்எஸ்டேபையும் (எதை எங்கே மவுன்ட் செய்வது என்ற பட்டியல்) பூட் லோடரில் உள்ள 'ரூட்ஃப்ளாக்ஸ்=சப்வால்=' பகுதியையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

எஃப்எஸ்டேப். சில இன்ஸ்டாலர்கள் 'சப்வால்' பெயரோடு 'சப்வால்ஐடி' எண்ணையும் எழுதிவிடும். ஸ்னாப்ஷாட்டிலிருந்து புது @ உருவாக்கினால் அதன் எண் வேறு. எஃப்எஸ்டேப் பழைய எண்ணையே சுட்டும், மவுன்ட் தோற்கும். நிறுவியதும் சப்வால்ஐடியை நீக்கிவிட்டுப் பெயரை மட்டும் விடுங்கள்.

/பூட். ஃபெடோராவில் /பூட் தனி எக்ஸ்ட்4. ரூட்டை ஒரு மாதம் பின்னுக்குக் கொண்டுபோனாலும் கர்னல் கோப்புகள் இன்றையவையே. புது கர்னலுக்குரிய மாட்யூல்கள் (டிரைவர் போன்ற துணைக் கோப்புகள்) பழைய ரூட்டின் /லிப்/மாட்யூல்ஸில் இருக்காது. வைஃபை, ஒலி ஏறாது. இஎஸ்பியை மவுன்ட் செய்ய வேண்டிய விஃபேட் மாட்யூலும் கிடைக்காவிட்டால் எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும். அப்போது மெனுவில் பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்தால் பொருந்தும், அது இன்னும் நீக்கப்படாமல் இருந்தால். /பூட்டை @க்கு உள்ளேயே வைத்தால் இந்தச் சிக்கலே இல்லை. க்ரப்பால் பிடிஆர்எஃப்எஸ்ஸைப் படிக்க முடியும். சிஸ்டம்டி-பூட் என்ற பூட் லோடரால் முடியாது, அதற்குக் கர்னல் இஎஸ்பியிலோ அது படிக்கக்கூடிய வேறு பார்ட்டிஷனிலோ இருக்க வேண்டும்.

வேழம்:
நெய்தல் சொன்னதோடு நான்காவது ஒன்றும் உண்டு. ரூட் மட்டும் பின்னுக்குப் போகும், @ஹோம் இன்றைய நிலையிலேயே இருக்கும். ஃபயர்ஃபாக்ஸ் 67ஆம் பதிப்பிலிருந்து, புதிய பதிப்பு தொட்ட ப்ரொஃபைலைப் பழைய பதிப்பு திறக்க மறுக்கும். க்னோம் செட்டிங்ஸும் அப்படித்தான், புதிய பதிப்பு எழுதியதைப் பழையது புரிந்துகொள்ளும் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. ரூட்டைத் திருப்பினால் டெஸ்க்டாப் திரும்பிவிட்டது என்று நினைப்பது பாதி உண்மைதான்.

தறி:
வேழம், அதே வாதம் உங்க தனி /ஹோமையும் வெட்டுதே? ஃபார்மேட் பண்ணாம /ஹோமை வெச்சுக்கிட்டு பழைய பதிப்பு உள்ள டிஸ்ட்ரோவுக்குப் போனா அங்கயும் ஃபயர்ஃபாக்ஸ் மறுக்கும். எங்க பக்கத்துல தீர்வாவது இருக்கு: பெரிய பதிப்பு மாறும்போது @ஹோமையும் ரீட்-ஒன்லி ஸ்னாப்ஷாட் எடுத்து வைக்கலாம். முழுசா திருப்ப வேணாம், .கான்ஃபிக், .மொசில்லா மாதிரி தேவையான ஃபோல்டரை மட்டும் அதுலேர்ந்து எடுத்துக்கலாம்.

நெய்தல்:
இங்கே நீங்கள் இருவரும் ஒரே தவறான அடித்தளத்தில் நின்று பேசுகிறீர்கள். முழு /ஹோமையும் அடுத்த டிஸ்ட்ரோவுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதே தவறு, அது பார்ட்டிஷனோ சப்வால்யூமோ. செம்புலம் டெஸ்க்டாப்பை நிறைய மாற்றுகிறவர் என்பதால் அவருக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

க்னோம் 45இல், 2023இல், எக்ஸ்டென்ஷன்கள் ஈஎஸ் மாட்யூல் (ஜாவாஸ்கிரிப்ட்) முறைக்கு மாறின. அதற்கு முன் எழுதிய எல்லா எக்ஸ்டென்ஷனும் திருத்தாமல் ஓடாது. பழைய ஹோமில் .லோக்கல்/ஷேர்/க்னோம்-ஷெல்/எக்ஸ்டென்ஷன்ஸ் ஃபோல்டர் அப்படியே வந்தால் பாதி செத்த எக்ஸ்டென்ஷன்களாக இருக்கும். அதைவிடக் கண்டுபிடிக்கக் கடினமானது .கான்ஃபிக்/ஜிடிகே-4.0க்குள் பழைய தீம் விட்டுப்போன சிஎஸ்எஸ் கோப்பு. லிப்அட்வைட்டா (க்னோமின் தோற்ற நூலகம்) பயன்படுத்தும் செயலிகள் அதைப் படிக்கும். பட்டன் வெட்டுப்படும், எழுத்து பின்னணியோடு கலக்கும். டிஸ்ட்ரோவில்தான் கோளாறு என்று தேடிக்கொண்டே இருப்போம்.

தரவை ஒரு பக்கம், அமைப்புகளை ஒரு பக்கம் பிரியுங்கள். ஆவணம், படம், நிரல் மூலம் எல்லாம் /தரவு என்ற தனி இடத்தில் இருக்கட்டும். ஹோமிலிருந்து அதற்கு சிம்லிங்க் (குறுக்குவழி) போதும். ஹோம் ஒவ்வொரு முறையும் புதிது. அமைப்புகளில் நீங்கள் தெரிந்தே மாற்றியவை மட்டும் வரட்டும்: 'டிகான்ஃப் டம்ப் /ஆர்க்/க்னோம்/' வெளியீட்டை ஒரு கோப்பில் வைத்து, தேவையில்லாத பகுதிகளை நீக்கிவிட்டு, புதிய இடத்தில் 'டிகான்ஃப் லோட்' கொடுங்கள். எக்ஸ்டென்ஷன்களை நகலெடுக்காமல், 'க்னோம்-எக்ஸ்டென்ஷன்ஸ் லிஸ்ட் --எனேபிள்ட்' தரும் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு புதிதாக நிறுவுங்கள்.

கோப்பு உரிமை பெயரால் அல்ல, எண்ணால் பதிவாகும் என்பதையும் கவனியுங்கள். முதல் பயனர் பெரும்பாலும் 1000. இரண்டு பேர் பயன்படுத்தும் கணினியில் கணக்குகளைத் தலைகீழ் வரிசையில் உருவாக்கினால் ஒருவர் கோப்பு மற்றவருக்குப் போகும். எஸ்இலினக்ஸ் (லேபிள் பார்த்து அனுமதி தரும் பாதுகாப்பு அமைப்பு) இல்லாத டிஸ்ட்ரோவிலிருந்து ஃபெடோராவுக்கு வந்தால் பழைய கோப்புகளில் லேபிள் இருக்காது. ஹோமையே கொண்டுவந்திருந்தால் உள்நுழைவே தடைபடலாம், 'ரெஸ்டோர்கான் -ஆர் /ஹோம்' ஓட்ட வேண்டும்.

செம்புலம்:
இந்தப் பிரிப்பு நன்றாக இருக்கிறது. ஹைபர்னேட்டுக்கு என்ன செய்வது? பிடிஆர்எஃப்எஸ்ஸில் ஸ்வாப் ஃபைல் (ரேமில் உள்ளதை எழுதி வைக்கும் கோப்பு) வைக்கலாமா?

தறி:
வைக்கலாம், கர்னல் 5.0லேர்ந்து முடியும். தனி சப்வால்யூம்ல வைங்க, ஏன்னா ஸ்வாப் ஃபைல் ஓடிக்கிட்டிருக்கற சப்வால்யூமை ஸ்னாப்ஷாட் எடுக்க முடியாது. 'பிடிஆர்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டம் எம்கேஸ்வாப்ஃபைல்' கட்டளை காப்பி-ஆன்-ரைட்டை (மாறினதைப் புது இடத்துல எழுதற முறை) அணைச்சு சரியா உருவாக்கும். ரெஸ்யூம் ஆஃப்செட்டுக்கு (ஸ்வாப் ஃபைல் வட்டுல தொடங்கற இடம்) ஃபைல்ஃப்ராக் காட்டற எண்ணைப் போடாதீங்க, பிடிஆர்எஃப்எஸ்ல அது பொருந்தாது. 'இன்ஸ்பெக்ட்-இன்டர்னல் மேப்-ஸ்வாப்ஃபைல் -ஆர்' தர்ற எண்தான் சரி.

வேழம்:
இத்தனை படிகளுக்குப் பதில் 18 ஜிபிக்கு ஒரு ஸ்வாப் பார்ட்டிஷன், கர்னல் வரியில் 'ரெஸ்யூம்=யூயூஐடி', இனிட்ராம்எஃப்எஸ்ஸை (பூட்டின் தொடக்கத்தில் ஏறும் கோப்பு) மறுபடி உருவாக்குவது. அவ்வளவுதான் வேலை.

தறி:
ஹைபர்னேட் கண்டிப்பா வேணும்னா தனிப் பார்ட்டிஷனே எளிசு, அதுல மறுப்பில்லை.

நெய்தல்:
இரண்டுக்கும் முன் செக்யூர் பூட்டை (கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் பூட் செய்ய விடும் அமைப்பு) பாருங்கள். அது இயங்கினால் உபுண்டு, ஃபெடோரா கர்னல்கள் லாக்டவுன் நிலையில் ஏறும், ஹைபர்னேட் மறுக்கப்படும். ஃபெடோரா இயல்பாகத் தரும் இசட்ராம் ஸ்வாப் ரேமிலேயே இருப்பதால் அதற்குள்ளும் ஹைபர்னேட் செய்ய முடியாது.

வேழம்:
இன்னும் ஒன்றைத் தறி விட்டுவிட்டார். டிஎஃப் கட்டளை 30 ஜிபி காலி என்று காட்டும்போதே பிடிஆர்எஃப்எஸ் 'இடமில்லை' என்று சொல்லும். புதியவர் அங்கே திகைத்து நிற்பார்.

தறி:
நடக்கும், காரணமும் தெளிவு. வட்டை அது டேட்டா சங்க், மெட்டாடேட்டா (ஃபைல்களைப் பத்தின விவரம்) சங்க்னு பிரிச்சுக் கொடுக்கும். எல்லா இடமும் பாதி நிரம்பின டேட்டா சங்க்குகளுக்குப் போயிட்டா மெட்டாடேட்டாவுக்குப் புது சங்க் கிடைக்காது. டிஎஃப்பை நம்பாம 'பிடிஆர்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டம் யூசேஜ்' ஓட்டி, 'அன்அலொகேட்டட்' வரியைப் பாருங்க. அது சில ஜிபிக்குக் கீழ போனா 'பேலன்ஸ் ஸ்டார்ட் -டியூசேஜ்=20', தேவைன்னா 50 வரைக்கும் ஏத்துங்க. பெரிய ஃபைலை அழிச்சும் இடம் வரலைன்னா ஏதாவது ஸ்னாப்ஷாட் அதைப் பிடிச்சு வெச்சிருக்கும். ஸ்னாப்பர்ங்கற ஸ்னாப்ஷாட் கருவியில எத்தனை ஸ்னாப்ஷாட்னு வரம்பு வைக்கறது அதுக்குத்தான்.

விர்ச்சுவல் மெஷின் இமேஜுக்குத் தனி சப்வால்யூம், ஃபோல்டர் காலியா இருக்கும்போதே காப்பி-ஆன்-ரைட்டை அணைக்க 'சிஹெச்ஆட்டர் +சி'. ஏற்கெனவே இருக்கற ஃபைலுக்குப் பின்னாடி போட்டா பலன் இல்லை. செக்சம்மும் (தரவு கெட்டதான்னு பாக்கற சரிபார்ப்பு எண்) கம்ப்ரஷனும் அந்த ஃபைல்களுக்குப் போயிடும், அது தெரிஞ்சே கொடுக்கற விலை.

வேழம்:
ஒற்றை வட்டில் செக்சம் தவறைக் கண்டுபிடிக்கும், சரிசெய்யாது. இயல்பாக மெட்டாடேட்டாவுக்குத்தான் இரண்டு பிரதி, தரவுக்கு ஒன்றே.

தறி:
சரிசெய்யாது, ஆனா கெட்ட ஃபைலைப் படிக்கும்போது பிழை கொடுத்து நிறுத்தும். ஆர்சிங்க் (ஃபைல் நகலெடுக்கற கருவி) பேக்கப் அங்கயே தெரிவிச்சிடும். எக்ஸ்ட்4 தரவுக்கு செக்சம் வெக்கறதில்லை. கெட்ட ஃபைலும் சத்தமில்லாம பேக்கப்புக்குப் போய், அங்க இருக்கற நல்ல பிரதியையும் அழிக்க வாய்ப்பிருக்கு.

வேழம்:
இது நியாயமான காரணம். ஆனாலும் ரோல்பேக்குக்காகத்தான் பிடிஆர்எஃப்எஸ் என்றால், எக்ஸ்ட்4இல் டைம்ஷிஃப்ட்டின் ஆர்சிங்க் முறை இருக்கிறது. முதல் பிரதிக்கு ரூட்டின் அளவு இடம் வேண்டும், பிறகு மாறாத கோப்புகள் ஹார்ட்லிங்க்காக (அதே பிரதிக்கு இன்னொரு பெயராக) நிற்கும். /பூட்டும் அதிலேயே வரும், நெய்தல் சொன்ன கர்னல் பொருத்தச் சிக்கல் இல்லை. மெதுவானது, ஆனால் எந்த டிஸ்ட்ரோவிலும் சப்வால்யூம் பெயரைப் பற்றிக் கவலைப்படாமல் ஓடும். என் ஓட்டு இன்னும் அதற்கே.

செம்புலம்:
1 ஜிபி இஎஸ்பி, 18 ஜிபி ஸ்வாப், மிச்சம் பிடிஆர்எஃப்எஸ். @, @ஹோம், @தரவு என்று மூன்று, /பூட் @க்கு உள்ளே, க்ரப். ஏதாவது விடுபட்டதா?

நெய்தல்:
எஃப்எஸ்டேபில் 'கம்ப்ரெஸ்=இசட்எஸ்டிடி:1' (சுருக்கி எழுத), 'நோஎடைம்' (படித்த நேரத்தைப் பதியாமலிருக்க) சேருங்கள். அடுத்த டிஸ்ட்ரோவின் இன்ஸ்டாலர் பழைய சப்வால்யூமை விட்டுவைக்குமா என்று முன்பே பாருங்கள். ஃபெடோராவின் அனகோண்டா இன்ஸ்டாலரில் கஸ்டம் முறையில் முடியும், எல்லாவற்றிலும் முடியாது. முடியாவிட்டால் @தரவை வெளி வட்டுக்கு 'பிடிஆர்எஃப்எஸ் சென்ட்' மூலம் அனுப்பிவிட்டு முழுதாக ஃபார்மேட் செய்யுங்கள். அந்த வெளிப் பிரதி எப்படியும் வேண்டும். வட்டு செத்தால் அதிலுள்ள ஸ்னாப்ஷாட்டும் சேர்ந்தே சாகும்.

தீம், எக்ஸ்டென்ஷன் எதையும் தொடும் முன் ஒருமுறை ரோல்பேக் செய்து பாருங்கள். ஸ்னாப்ஷாட் எடுத்து, சின்னதாக ஒரு பேக்கேஜ் நிறுவி, லைவ் யுஎஸ்பியில் 'சப்வால்ஐடி=5' என்று (எல்லா சப்வால்யூம்களும் தெரியும் மேல்நிலையை) மவுன்ட் செய்து, @ஐ வேறு பெயருக்கு மாற்றி, ஸ்னாப்ஷாட்டிலிருந்து எழுதக்கூடிய புது @ உருவாக்கி ரீபூட் செய்யுங்கள். அந்தப் பேக்கேஜ் இல்லாமல், வைஃபை வேலை செய்தால் அமைப்பு சரி. பழைய @ஐ அப்புறம் நீக்குங்கள்.