மைனர் முழங்கால் மடக்கிய கதை: எங்கள் ‘இணுவில் வீடு’ குழுவில்

சனிக்கிழமை

கவின் (இணுவில், யாழ்ப்பாணம்), மாலை 5:12
எல்லாருக்கும் ஒரு செய்தி. எனக்கு ஒன்றுமில்லை, அப்பாவுக்கும் ஒன்றுமில்லை. எங்கள் பழைய மொறிஸ் மைனர் காருக்குத்தான்.

கவின்
(படம்)

வசந்தி மாமி (ரொறன்ரோ)
ஐயோ முருகா. எங்கே இது? யார் ஓடியது?

கவின்
நான்தான் மாமி. மருதனார்மடம் சந்தி தாண்டி ஒழுங்கைக்குள் திருப்பினேன். நடக்கிற வேகம்தான். ‘டொக்’ என்று ஒரு சத்தம். ஸ்டியரிங் லேசாகிவிட்டது, மூக்கு தரையில். ஆடு முழங்காலை மடக்கிப் படுக்குமே, அப்படி.

குகன் (கொழும்பு)
சில்லு மட்காட்டுக்குள் போய்க் கிடக்கிறதே!

ரூபன் (லண்டன்)
ட்ரனியன். படத்தைப் பெருப்பித்துப் பார்க்கவே தேவையில்லை.

வசந்தி மாமி
அது என்ன தம்பி?

ரூபன்
முன் சில்லைத் தாங்குகிற நிமிர்ந்த தண்டு ஒன்று இருக்கிறது மாமி. அதன் மேல்முனையிலும் அடிமுனையிலும் மரை வெட்டியிருக்கும். அந்த மரை போய் இறுகுகிற துண்டுதான் ட்ரனியன். ஸ்டியரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் மரைதான் சுழல்கிறது. கிறீஸ் போகாவிட்டால் தேய்ந்து தேய்ந்து வழுவழு என்று ஆகி ஒருநாள் கழன்றுவிடும். மொறிஸ் மைனர் வைத்திருப்பவனுக்கு இது தெரிந்த வருத்தம். 1000 மைலுக்கு ஒருமுறை கிறீஸ் அடிக்கச் சொல்லிக் கையேட்டிலேயே இருக்கிறது.

ரூபன்
சித்தப்பா, கடைசியாக எப்போது கிறீஸ் அடித்தீர்கள்?

(நாற்பது நிமிடம் யாரும் எழுதவில்லை)

சிவம் சித்தப்பா (இணுவில்), மாலை 6:03
போன தைப்பொங்கலுக்கு.

மாலா சித்தி (இணுவில்)
அதற்கு முந்தின தைப்பொங்கலுக்கு.

சிவம் சித்தப்பா
இப்போது காரை வீட்டுக்குக் கொண்டு வருவதா, கணக்குப் பார்ப்பதா?

கவின்
கொண்டு வந்தாச்சு. சந்தியில் நின்ற பெடியள் எட்டுப் பேர் ‘ஏலேலோ’ சொல்லித் தூக்கிக் கன்ரர் லொறியில் ஏற்றினார்கள். சோடா வாங்கிக் கொடுத்தேன். அதில் ஒருவர் 60 வயது தாண்டினவர், தூக்கவில்லை, ஆனால் ஆலோசனை முழுக்க அவருடையது.

வசந்தி மாமி
வேகமாகப் போகும்போது நடந்திருந்தால்? நினைக்கவே நெஞ்சு பதறுகிறது.

ரூபன்
பெரும்பாலும் இப்படி மெதுவாக ஒடித்துத் திருப்பும்போதுதான் கழரும் மாமி. ஆனால் பெரும்பாலும் என்பது எப்போதும் இல்லை. அதனால்தான் சொல்கிறேன், கவின், மற்றப் பக்கமும் மாற்றாமல் அந்தக் கார் படலை தாண்டக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை

குகன்
எல்லாரும் ஆறுதலாக இருக்கும்போது ஒன்று சொல்கிறேன், கோபிக்காதீர்கள். இங்கே பழைய கார் சேர்க்கிற ஒருவர் போன வருடமே 18 லட்சம் தருவதாகச் சொன்னார். இப்போது முட்டுக்காலில் நிற்கிற காருக்கு 15 என்பார். கொடுத்துவிடுவோமா? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், பழைய தகரத்துக்கெல்லாம் பொன் விலை. 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்துவிட்டார்கள். இனி இறங்குமே தவிர ஏறாது.

குகன்
இன்னொன்று. 2022-ல் பெற்றோல் தட்டுப்பாட்டில், கியூஆர் கோட்டில் கிழமைக்கு 20 லீற்றர் தந்தபோது, சித்தப்பா அந்த 20-ஐயும் எஞ்சின் உறங்கக் கூடாது என்று முற்றத்தில் வைத்து உறுமவிட்டார். சித்தி சந்தைக்கு நடந்து போனார்.

மாலா சித்தி
அது உண்மை.

சிவம் சித்தப்பா
எல்லா 20-உம் இல்லை. இரண்டு லீற்றர் இருக்கும்.

வசந்தி மாமி
குகன், அது அப்பா 1964-ல் வாங்கிய கார். என்னுடைய கலியாணத்துக்குப் பொம்பிளைக் கார் அதுதான். விற்கிற கதையை என் முன்னால் எடுக்க வேண்டாம்.

குகன்
மாமி, நீங்கள் ரொறன்ரோவில். கார் சித்தப்பாவின் முற்றத்தில்.

வசந்தி மாமி
காசு அனுப்புவது ரொறன்ரோவில் இருந்துதானே ராசா.

குகன்
🙏

ரூபன்
நானும் விற்க வேண்டாம் கட்சி. காரணம் வேறு. 95-இல் அந்தப் போத்தல் என் வேலை. சித்தப்பா, கவினுக்கு அந்தக் கதை முழுதாகத் தெரியாது என்று நினைக்கிறேன்.

சிவம் சித்தப்பா, இரவு 8:40
கவின், 90-க்குப் பிறகு சண்டையால் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வரத் தடை. கள்ளமாக வந்ததற்கு யானை விலை. பங்கீட்டில் கிடைத்தது மண்ணெண்ணெய்தான். மண்ணெண்ணெயில் எஞ்சின் ஓடும், ஆனால் குளிரில் ஸ்டார்ட் வராது. அதனால் பொனற்றுக்குள் ஒரு சின்னப் போத்தல் கட்டி, ஆஸ்பத்திரிச் சேலைன் குழாயைக் காபறேற்றருக்கு இழுத்திருந்தேன். போத்தலில் பெற்றோல், டாங்கியில் மண்ணெண்ணெய். டாங்கிப் பம்பின் வயரைக் கழற்றிவிட்டு, போத்தல் பெற்றோலில் ஸ்டார்ட் எடுத்து, எஞ்சின் நன்றாகச் சூடேறினதும் வயரைக் கொளுவிக் குழாய்க் கிளிப்பை இறுக்க வேண்டும். நிற்பாட்டப் போகிறோம் என்றால் முன்கூட்டியே திரும்பப் பெற்றோலுக்கு மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த முறை வராது. பற்றறிக்கும் ஸ்டார்ட்டரைச் சுற்றப் பலம் இல்லை. கைப்பிடியைப் போட்டுச் சுற்றித்தான். பெருவிரலை மற்ற விரல்களோடு சேர்த்தே பிடிக்க வேண்டும். மறு பக்கம் போட்டால் எஞ்சின் உதைக்கும்போது விரல் முறியும்.

சிவம் சித்தப்பா
பின்னால் வெள்ளைப் புகை. மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலுக்குள் இறங்கி ஒயில் தண்ணீர் போலாகிவிடும், கிழமைக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். அந்த 948 சிசி எஞ்சின் எப்படித் தாங்கியது என்று எனக்கு இன்றும் ஆச்சரியம்.

ரூபன்
95 ஒக்டோபர் 30 இரவு சண்டைக்குப் பயந்து எல்லாரும் தென்மராட்சிக்கு வெளிக்கிட்டபோது எனக்கு ஒன்பது வயது. முன் சீற்றில் அப்பம்மாவின் மடியில். பின்னால் ஐந்து பேரும் இரண்டு கோழியும். நாவற்குழிப் பாலத்துக்கு முன்னால் கார் ஊர்ந்தது கூட இல்லை, சனம் நடந்த வேகத்தை விடக் குறைவு. மழை. எஞ்சின் நிற்கப் போகிறது என்று சித்தப்பா சைகை காட்டுவார், நான் குதித்து இறங்கிக் கிளிப்பைத் திறப்பேன். விடிய மட்டும் எத்தனை தரம் என்று தெரியாது. கையில் அந்த மணம் ஒரு கிழமை போகவில்லை.

குகன்
அந்தக் கோழிகளில் ஒன்று என் காலில் கொத்தியது. அது மட்டும்தான் எனக்கு ஞாபகம்.

குகன்
சரி. விற்கவில்லை. ஆனால் கணக்கு நான்தான் எழுதுவேன்.

செவ்வாய்க்கிழமை

ரூபன்
இங்கே சாமான் கிடைக்கிறது, அது பிரச்சினையில்லை. 1948-ல் வந்த கார், 1971 மட்டும் செய்தார்கள், பிரித்தானியாவில் முதன்முதல் பத்து லட்சம் விற்ற கார் இதுதான். அதனால் இன்றும் புது ட்ரனியன் செய்து விற்கிறார்கள். ஒன்று மட்டும் சொல்லுங்கள்: இடதா, வலதா? ஒரு பக்கத்து மரை வலஞ்சுழி, மற்றது இடஞ்சுழி. மாறினால் பூட்ட முடியாது.

கவின்
இடது.

ரூபன்
நிச்சயமா?

கவின்
முன்னால் நின்றுதானே பார்க்கிறேன் அண்ணா. இடது.

ரூபன்
சரி, இடது ஓடர் பண்ணிவிட்டேன். என் மச்சான் 14-ஆம் திகதி வருகிறான், பெட்டியில் வைத்து விடுகிறேன். கூட, கிறீஸ் அடிக்கிற கிறீஸ் கண் ஒன்றும், பிறேக் மாஸ்டர் சிலிண்டர் ரப்பர்களும்.

வசந்தி மாமி
உன் மச்சானின் பெட்டியில் என் பேத்திக்கு வாங்கிய சட்டையும் இருக்கிறது. கிறீஸ் படாமல் பொலித்தீனில் சுற்று.

ரூபன்
ஒரு சுவாரசியம். 90-களில் இங்கே பாத் நகரத்து மைனர்காரர் ஒருவர், இந்தக் காருக்கான தகடுகளை இலங்கையில் அடிப்பித்து இங்கே இறக்கினார். லண்டன் மைனர்களுக்கு மட்காட் அங்கே இருந்து வந்தது.

சிவம் சித்தப்பா
அதே காலத்தில் எங்களுக்கு ஒரு போத்தல் பெற்றோல் வரவில்லை. நல்ல கதை.

சனிக்கிழமை

கவின்
கராச் அண்ணை வந்து கழற்றினார். ஒன்றைத் திறந்தால் நாலு தெரிகிறது. மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடியில், தரைக்குக் கீழே இருக்கிறது. அதைப் பார்க்கக் கம்பளத்தைத் தூக்கினோம். தரை தெரிந்தது. காரின் தரை இல்லை. முற்றத்து மண்.

மாலா சித்தி
ஓட்டைக்குள்ளால் கோழி எட்டிப் பார்த்தது. நான் பொய் சொல்லவில்லை.

குகன்
கோழிக்கு அந்தக் காரில் உரிமை இருக்கிறது.

கவின்
தகடு வெட்டி ஒட்ட 35,000 கேட்கிறார்.

குகன்
எழுதிவிட்டேன். வரவுப் பக்கத்தில் போன வருடம் மூன்று கலியாண ஓட்டம், ஒன்றுக்கு 25,000. அதில் ஒரு மாப்பிள்ளை கைக்காசு தரவில்லை, சித்தப்பாவின் கூட்டாளியின் மகன்.

சிவம் சித்தப்பா
அவன் தருவான்.

கவின்
பற்றறியும் புதிது போட்டேன். கடைத் தம்பி கறுப்பு (மைனஸ்) வயரைக் காரின் உடம்பில் கொளுவப் போனார், நல்ல வேளை பார்த்தேன். மைனருக்கு உடம்பில் பிளஸ் என்று சொன்னால் என்னை ஏதோ மாதிரிப் பார்க்கிறார். போன வருடம் போன் சார்ஜர் கொளுவி அது புகைந்தது இதனால்தான் என்று இப்போதுதான் விளங்கியது.

சிவம் சித்தப்பா
சார்ஜர் புகைந்ததா? எப்போது?

கவின்
நெற்வேர்க் சரியில்லை அப்பா, பிறகு கதைக்கிறேன்.

மாலா சித்தி
ஒரே வீட்டில் இருந்துகொண்டு.

17-ஆம் திகதி

கவின்
சாமான் வந்துவிட்டது. ரூபன் அண்ணா, மரை மறுவளமாகச் சுற்றுகிறது.

ரூபன்
கவின். நீ முன்னால் நின்று பார்த்தாய், சரி. எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாய்?

கவின்
காரைப் பார்த்துக்கொண்டு.

ரூபன்
அப்போது உன்னுடைய இடது, காரின் வலது! சாரதி சீற்றில் இருந்து பார்க்க வேண்டும்.

வசந்தி மாமி
😂😂😂

குகன்
விமானத்தில் வந்த ட்ரனியன். எந்தப் பக்கத்தில் எழுத, வரவா செலவா?

ரூபன்
வீண் இல்லை. இரண்டு பக்கமும் மாற்ற வேண்டும் என்று முதலே சொன்னேனே. வந்ததை நல்லாய் இருக்கிற பக்கத்தில் பூட்டு. மற்றதை இன்றைக்கே தபாலில் போடுகிறேன். இன்னும் பத்து நாள் முட்டுக்காலில் நிற்கட்டும்.

சிவம் சித்தப்பா
கழற்றிய பழையதைப் பார்த்தேன். ‘நல்லாய் இருக்கிற’ பக்கம் என்று இனிச் சொல்லாதே. மரை இருந்த இடமே தெரியவில்லை. (படம்)

வசந்தி மாமி
அதோடுதானே போன ஆவணியில் எல்லாரையும் நல்லூருக்கு ஏற்றிக்கொண்டு போனாய் தம்பி.

சிவம் சித்தப்பா
ஓம் அக்கா.

29-ஆம் திகதி

மாலா சித்தி, இரவு 10:20
மற்றத் துண்டும் வந்து, அப்பனும் மகனும் ரோச் லைற்றோடு காருக்குக் கீழே. கவின் கை, முகம், முதுகெல்லாம் கறுப்பு. எழும்பி வேலியடியில் நின்றதைப் பார்த்துப் பக்கத்து வீட்டு அன்ரி கத்திவிட்டா. 2011-ல் ஊரெல்லாம், உடம்பில் கிறீஸ் பூசிக்கொண்டு இரவில் வருகிற கிறீஸ் பூதம் என்று பயந்தோமே, அந்தப் பூதம் என் வயிற்றிலேயே பிறந்திருக்கிறது.

30-ஆம் திகதி

கவின், காலை 7:05
(குரல் பதிவு, 0:41)

ரூபன்
சாவி போட்டதும் பம்ப் அடிக்கிற டிக் டிக் டிக் கேட்கிறது. பிறகு ஏன் நின்றது?

கவின்
நிற்கவில்லை, ஒட்டிப் பிடித்துவிட்டது. அப்பா ஸ்பானர் பிடியால் ஒரு தட்டுத் தட்டினார். திரும்ப டிக் டிக். அதன் பிறகு மெதுவாகி, டிக்... டிக்... காபறேற்றர் நிரம்பிவிட்டது என்று அர்த்தமாம். அரைச் சுற்றில் ஸ்டார்ட்.

வசந்தி மாமி
அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். அப்பா பள்ளிக்கூடத்தில் விட வெளிக்கிடும்போது படுக்கையில் கிடந்து கேட்பேன். டிக் டிக் மெதுவாகும் மட்டும் நித்திரை கொள்ளலாம்.

கவின்
சுன்னாகம் மட்டும் போய் வந்தோம். ஸ்டியரிங் ஒரு விரலால் திரும்புகிறது. பிறேக் மட்டும் கொஞ்சம் இடப்பக்கம் இழுக்கிறது.

ரூபன்
சாரதியின் இடதா, உன்னுடைய இடதா?

கவின்
😑

குகன்
மொத்தம் 1,12,000. வரவு 50,000. அந்தக் கூட்டாளி மகனின் இலக்கம் அனுப்புங்கள் சித்தப்பா, நான் கதைக்கிறேன்.

கவின்
ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி குழுவில் ‘கிறீஸ்’ என்று நினைவூட்டல் வைத்திருக்கிறேன். முன் சில்லைத் தரையை விட்டுத் தூக்கி, பழைய கிறீஸ் பிதுங்கி வெளியே வரும் மட்டும் அடிக்க வேண்டும். அடித்த பிறகு அப்பா படம் போட வேண்டும். படம் இல்லாவிட்டால் சாவி இல்லை.

1-ஆம் திகதி

கவின், காலை 8:00
கிறீஸ்.

சிவம் சித்தப்பா, காலை 8:31
லண்டனில் இருந்து வந்த துப்பாக்கியைக் காணவில்லை. யார் எடுத்தது?

குகன்
சித்தப்பா!! அந்தச் சொல்லைக் குழுவில் எழுதாதீர்கள். கிறீஸ் கண் என்று எழுதுங்கள்.

சிவம் சித்தப்பா
கண் என்றாலும் அதுதானே.

மாலா சித்தி
கோழிக்கூட்டுக்கு மேல் கிடக்கிறது. கை துடைத்துவிட்டு வாருங்கோ, தேத்தண்ணி ஆறுகிறது.