படுத்த படுக்கையான பெரியவர்: ஊரிலேயே பார்ப்பதா, காப்பகத்தில் விடுவதா?

பாலாற்றங்கரை:
பக்கவாதம் வந்து படுத்தவரை வீட்டிலேயே வைத்துக்கொள்வதுதான் பாசம் என்று பேரணாம்பட்டு, கே.வி.குப்பம் பக்கம் எல்லோரும் சொல்கிறார்கள். பகலில் யார் இருக்கிறார்கள்? விடிகாலையில் ஷூ கம்பெனி வேன் மருமகளை ஏற்றிக்கொண்டு போனால், இருட்டிய பிறகுதான் இறக்கிவிடும். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட வேண்டிய உடம்பு அதுவரை மல்லாந்தே கிடக்கும். வால் எலும்பு மேல் புண் விழ ஒரு பகல் போதும். காப்பகம்தான் சரி.

குடியாத்தம் செவிலி:
அண்ணா, அந்த 2 மணி நேரக் கணக்கு தேங்காய்நார் மெத்தைக்கும் கயிற்றுக் கட்டிலுக்கும். அமுங்கி எழும் தரமான ஃபோம் மெத்தை போட்டு, தோல் தாங்குகிறவராக இருந்தால் 4 மணி நேரம் வரை போகலாம். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கற்றுக்கொடுத்துச் சம்பளம் பேசினால் பகலில் மூன்று முறை வந்தாலே ஆகும்.

முழுசாக ஒருக்களிக்க வைக்காதீர்கள், இடுப்பு எலும்பில் பாரம் ஏறும். முதுகுப் பக்கம் தலையணை முட்டுக்கொடுத்து 30 டிகிரி சாய்த்தால் போதும். கெண்டைக்காலுக்குக் கீழே இன்னொரு தலையணை வைத்தால் குதிகால் மெத்தையில் படாது. நம் நிறத்துக்குச் சிவப்பு தெரியாது. கறுத்து, தொட்டால் சூடாகவோ கல்லு மாதிரியோ இருந்தால் அதுதான் புண்ணின் ஆரம்பம். அங்கே எண்ணெய் போட்டுத் தேய்த்தால் உள்சதை மேலும் நசுங்கும். நடுவில் ஓட்டை உள்ள காற்று வளையமும் வேண்டாம், சுற்றிலும் ரத்த ஓட்டத்தை அடைக்கும்.

பாலாற்றங்கரை:
மெத்தை சரி. சித்திரை வெயிலில் ஷீட் போட்ட வீட்டுக்குள் ரெக்சின் உறை மேல் வியர்வையில் ஊறிக்கிடந்தால் எந்த மெத்தையும் காப்பாற்றாது. மூக்கு டியூப் இருந்தால் பக்கத்து வீட்டுப் பெண்ணை நம்பிக் கஞ்சி ஊற்றச் சொல்வீர்களா? டியூப் நழுவியிருந்தால் நேரே நுரையீரலுக்குப் போகும்.

குடியாத்தம் செவிலி:
வெயில் காலத்தில் உறை மேல் பருத்தித் துணி விரித்து, நனைந்ததும் மாற்ற வேண்டும். அதில் உங்கள் பேச்சு நியாயம்.

டியூப் உள்ளவரைப் பயிற்சி இல்லாதவரிடம் விடவே கூடாது, ஒத்துக்கொள்கிறேன். மூக்கருகே போட்ட குறி நகர்ந்திருந்தாலோ, இருமல் வந்தாலோ ஊற்றவே கூடாது. தலைமாட்டை 30 முதல் 45 டிகிரி உயர்த்தி, வடிகட்டிய கஞ்சியை மெதுவாக இறக்கி, 30 மில்லி தண்ணீர் விட்டுக் கழுவி, அரை மணி நேரமாவது படுக்க விடாமல் வைக்க வேண்டும். கழுவாவிட்டால் அடுத்த வேளைக்கு டியூப் அடைத்துக்கொள்ளும்.

மேல்பாடி வாசகர்:
2021ல் வந்த ‘மக்களைத் தேடி மருத்துவம்’ அரசுத் திட்டத்தில் நோய் ஆதரவு நர்ஸ், இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருகிறார்களே?

குடியாத்தம் செவிலி:
வருவார்கள். புண்ணுக்குக் கட்டு, யூரின் டியூப், கை கால் பயிற்சி எல்லாம் அவர்களிடம் கேளுங்கள். ஆனால் அவர்கள் சுற்ற வேண்டிய ஊர்கள் அதிகம், தினசரி புரட்டிப் போடுவது வீட்டார் பொறுப்புதான். யூரின் டியூப்பின் பை இடுப்புக்கு மேலே தூக்கி மாட்டியிருந்தால் மூத்திரம் திரும்பி ஏறிக் காய்ச்சல் வரும். தரையிலும் கிடக்கக் கூடாது.

பாலாற்றங்கரை:
அப்படியானால் மூக்கு டியூப் உள்ளவர், பகலில் ஆளே கிடைக்காத வீடு, இரண்டுக்கும் காப்பகம்தானே வழி?

குடியாத்தம் செவிலி:
ஆமாம், ஆனால் போர்டைப் பார்த்து விடாதீர்கள் அண்ணா. இரவில் நர்ஸ் இருக்கிறாரா, எத்தனை பேருக்கு ஒரு உதவியாளர் என்று கேளுங்கள். புரட்டிப் போட்ட நேரம் எழுதிய தாளைக் காட்டச் சொல்லுங்கள். பகல் முழுவதற்கும் ஒரே பேனாவில் ஒரே கையெழுத்தில் நிரப்பியிருந்தால், அங்கே படுத்திருப்பவர் ஒருவரின் குதிகாலைத் தூக்கிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.