இந்த ஆண்டு எடுத்த பட்டாணி விதையை இலையுதிர்கால அறுவடைக்கு உடனே ஊன்றலாமா?

கொல்லைத்தோட்டம் (நியூஜெர்சி):
வணக்கம். மார்ச் இறுதியில் ஊன்றிய ‘சுகர் ஆன்’ பட்டாணியில் சில கொடிகளைப் பறிக்காமல் விட்டு, காய்கள் நெற்றாகிக் கொடியிலேயே காய்ந்தபின் உரித்து வைத்திருக்கிறேன். இவ்விதையை இந்த ஆண்டே ஊன்றினால் முளைக்குமா, அல்லது ஒரு குளிர்காலம் கழிய வேண்டுமா? தாய்ச்செடியைப் போலவே காய்க்குமா? எங்கள் பகுதியில் அக்டோபர் நடுவில் முதல் உறைபனி விழும். இப்போதோ பகலில் 32 டிகிரி செல்சியஸ் வெயில் அடிக்கிறது.

விதைப்பானை:
பட்டாணி விதைக்கு உறக்கநிலை கிடையாது. நன்றாகக் காய்ந்த விதை அடுத்த மாதமே முளைக்கும். பூ விரியும் முன்பே தன் மகரந்தத்தால் சூல் கொள்ளும் பயிர் என்பதாலும், சுகர் ஆன் கலப்பின ரகம் அல்ல என்பதாலும், தாய்ச்செடியின் குணம் அப்படியே வரும்.

நீங்கள் கவலைப்பட வேண்டியது நாள்கணக்கைப் பற்றித்தான். விதை உறையில் ஏறத்தாழ 55 நாள் என்று போட்டிருப்பது பகல் நீண்டுகொண்டே போகும் வசந்தத்துக்கு உரியது. ஆகஸ்டுக்குப் பிறகு பகல் குறுகி வளர்ச்சி மந்தமாவதால், அதனுடன் 10 முதல் 14 நாட்களைக் கூட்டி, உறைபனித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். உங்களுக்கு ஆகஸ்டு முதல் வாரம் வரும். அதற்குமேல் தள்ளிப்போட வேண்டாம். இளஞ்செடி லேசான உறைபனியைத் தாங்கும், பூவும் பிஞ்சும் தாங்கமாட்டா.

மண்புழு:
கணக்கு சரி, ஆனால் அந்த வாரத்து மண்ணின் சூட்டையும் பார்க்க வேண்டும். மண் 29 டிகிரியைத் தாண்டினால் முளைப்பு வெகுவாகக் குறையும். அதற்காகத் தண்ணீரைக் கொட்டினாலும் ஆபத்துதான். சுகர் ஆனைப் போன்ற சுருங்கிய விதைகளில் சர்க்கரை மிகுதி என்பதால் ஈரம் தேங்கினால் எளிதில் அழுகிவிடும். (மரபியல் முன்னோடி மெண்டல் பட்டாணி விதைகளை உருண்டை, சுருக்கம் என்று பிரித்து எண்ணினாரே, அதே சுருக்கம்தான்.)

வீட்டுக்குள் ஈரத்துணியில் வைத்து, வேர்முனை தலைகாட்டியதும், முந்தைய நாளே நனைத்த பாத்தியில் மாலையில் 4 செ.மீ. ஆழத்தில் ஊன்றி, வைக்கோலை மெல்லியதாகப் பரப்புங்கள். மக்காச்சோளமோ பந்தல் தக்காளியோ இருந்தால் அதன் கிழக்குப் பக்கம் ஊன்றுவது நல்லது; பிற்பகல் வெயில் மறைக்கப்படும். எல்லா விதையையும் ஊன்றிவிடாமல் பாதியை மார்ச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பனித்துளி:
விதையில் வட்டத் துளை தெரிகிறதா என்றும் பாருங்கள். பட்டாணி வண்டின் புழு விதைக்குள்ளேயே வளர்வதால், துளை தெரியாத விதையிலும் இருக்கக்கூடும். சேமிக்கும் பாதியைக் காற்றுப்புகாத புட்டியில் அடைத்து ஃப்ரீசரில் ஒரு வாரம் வைத்தால் புழு செத்துவிடும். செப்டம்பரில் பகல் வெயிலும் இரவுப் பனியும் சேரும்போது சாம்பல் நோய் வரும். செடிகளை நெருக்காமல் காற்றோட்டம் விடுங்கள். ஆண்டுதோறும் தொல்லையாக இருந்தால், ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகம் உருவாக்கிய ‘ஆரிகன் சுகர் பாட் 2’ அந்நோயை எதிர்க்கும். தட்டைக்காய்தான், சுகர் ஆனின் சுவை வராது.

கொல்லைத்தோட்டம்:
நன்றி. ஃப்ரீசரில் வைத்தால் விதையின் உயிரும் போய்விடாதா?

பனித்துளி:
ஈரம் இருந்தால் போய்விடும். நகத்தால் அழுத்தும்போது தடம் பதிந்தால் இன்னும் காய வேண்டும். சுத்தியலால் தட்டும்போது நசுங்காமல் சில்லாக உடைந்தால் தாராளமாக வைக்கலாம். வெளியே எடுத்தபின் புட்டி அறைச் சூட்டுக்கு வரும்வரை மூடியைத் திறக்காதீர்கள், இல்லையெனில் விதைமேல் நீர் கோத்துவிடும்.