மறைப்பா, அமிழ்வா: செவிப்புலனுக்கு ஒரு கலைச்சொல்

வணக்கம்.

ஓர் ஒலியால் இன்னோர் ஒலி கேளாமற்போவதை (ஆங்கிலத்தில் masking) 'மறைப்பு' என்றே வழங்கலாம் என்ற கருத்தில் எனக்கு உடன்பாடில்லை. மறைப்பு கண்ணுக்குரிய சொல். காதில் நடப்பதோ வேறு: இரைச்சல் இருக்கும்போது மற்ற ஒலி கேட்கத் தொடங்கும் அளவே உயர்ந்துவிடுகிறது. மேலும், 'மறையொலி' என்று சுருக்கினால் மறைப்பதா மறைவதா என்று தெரியாது. போதாக்குறைக்கு அது வேதம் ஓதும் ஓசையாகவும் பொருள்படும்.

"சத்தத்தில் பேச்சு அமுங்கிவிட்டது" என்பது நம் பேச்சுவழக்கு. ஆனால் இலங்கைப் பாடநூல்களில் அமுக்கம் என்பது அழுத்தத்தைக் குறிப்பதால், 'ஒலியமுக்கம்' என்றதும் அங்குள்ள மாணவர் வேறோர் இயற்பியல் அளவையே நினைப்பார். ஆகவே, நிகழ்வை 'ஒலியமிழ்வு' என்றும், அமிழ்த்துவதை 'அமிழ்த்தொலி', அமிழ்வதை 'அமிழொலி' என்றும் முன்மொழிகிறேன். தன்வினையும் பிறவினையும் இங்கே தாமாகவே பிரிந்து நிற்கின்றன.

காக்ளியர் கருவி, அதாவது உட்செவியில் பொருத்தப்பட்டுச் செவிநரம்பை மின்னோட்டத்தால் தூண்டும் கருவி, பொருத்தியவர்களைப் பற்றி எழுதும்போதுதான் இச்சொற்களின் தேவை முழுமையாக விளங்கும். உட்செவியில் ஒலியை உணர்ந்து நரம்புக்குக் கடத்தும் ஏறக்குறைய 3,500 உள்மயிர்ச்செல்கள் செய்யும் வேலையை, கருவியில் பெரும்பாலும் 12 முதல் 22 வரையிலான மின்முனைகளே செய்கின்றன. ஒன்றின் மின்னோட்டம் அடுத்ததன் எல்லைக்குள்ளும் பரவுவதால் சுருதி வேறுபாடுகள் மங்கி, ஒலிவலிமையின் ஏற்ற இறக்கமே பேச்சைப் பின்தொடர அவர்களுக்குப் பெரும் பிடிமானமாகிறது. இரைச்சல் அந்த இறக்கங்களைத்தான் நிரப்பிவிடுகிறது. இரைச்சலே விட்டுவிட்டு வந்தால், அது தணியும் கணங்களில் இயல்பான செவி பேச்சின் துணுக்குகளைப் பொறுக்கிச் சேர்த்துக்கொள்ளும். கருவி வழியே கேட்பவர்களில் பலருக்கு இந்த ஆதாயம் மிகக் குறைவு, அல்லது இல்லவே இல்லை. இந்த ஆதாயத்தை 'அமிழ்வு மீட்சி' எனலாம்.

என் அக்காள் மகள் இக்கருவியுடன் கேட்பவள். குக்கர் விசில் அடங்கிய கையோடு அக்கா "தட்டை எடு" என்றால், "எடு" மட்டும் பிடிபட்டு, எதை என்று கையை விரித்துக் கேட்பாள். விசிலுக்குப் பிந்திய அமிழ்வு மட்டுமே இதற்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆயினும் ஓர் ஒலி நின்ற பின்னும் நூறு, இருநூறு மில்லிநொடி வரை அடுத்து வரும் மெல்லொலி அமிழக்கூடும். இதை ஆங்கிலத்திலிருந்து (forward masking) அப்படியே பெயர்த்து 'முன்னோக்கு மறைப்பு' என்றால், அமிழ்வது எந்த ஒலி என்று படிப்பவருக்கு விளங்காது. பின்வரும் ஒலி அமிழ்வதால் 'பின்னொலியமிழ்வு' என்பதே பொருந்தும். பிந்தி வந்த ஒலி முந்தியதை அமிழ்த்தினால் அது 'முன்னொலியமிழ்வு'.